இங்கெபோர்கின் அண்ணன்

கோபன்ஹேகன்
12 பிப்ரவரி 1961

அன்புள்ள அண்ணாவுக்கு,

மதி எழுதுகிறேன். அண்ணி அனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாய் வந்து சேர்ந்தது. எண்ணெய் கசிந்து பொட்டலம் முழுக்க மஞ்சள். தபால்காரர் தன் சட்டையில் படாமல் எட்டப் பிடித்துக்கொண்டு கொடுத்தார். அறைக்குள் போய் முதல் துண்டை வாயில் போட்டதும் அழுகை வந்துவிட்டது. இதை அண்ணியிடம் சொல்லிவிடாதீர்கள். மறு கப்பலில் ஒரு ஜாடியே அனுப்பிவைப்பார்.

"நீ அங்கே என்னதான் படிக்கிறாய்? டாக்யார்டில் கூட வேலை செய்கிறவர்கள் கேட்கிறார்கள். ஒரே வரியில் சொல்லும்படி எழுது" என்று கேட்டிருந்தீர்கள். ஒரே வரி இதுதான்: எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு ராஜா வீட்டுக் கல்யாணங்கள்.

சிரிக்காதீர்கள். ராஜாவின் பெயர் வால்டெமார். அப்போது டென்மார்க்கை மூன்று பேர் பங்கு போட்டிருந்தார்கள். அதில் ஒருவர் மற்ற இருவரையும் விருந்தில் வைத்துக் கொல்ல ஆள் ஏவினார். ஒருவர் செத்தார். வால்டெமார் காயத்தோடு தப்பினார். தப்பி வந்தவர் செய்த முதல் காரியம், செத்தவரோடு ஒரு தாய் வயிற்றில் பிறந்த தங்கை சோஃபியாவை மணந்தது. செத்தவரின் ஆட்களெல்லாம் இவர் பக்கம் வந்துவிட்டார்கள். பிறகு மகன் குழந்தையாக இருக்கும்போதே பக்கத்து சாக்சனிப் பிரபுவின் மகளை நிச்சயம் செய்தார். அந்தப் பிரபு முன்பு சில சமயம் நண்பர், சில சமயம் பகைவர். சம்பந்தியான பிறகு ஒரே சமயத்தில் இரண்டுமாக இருந்தார். பெண்களில் ஒருத்தி சுவீடனுக்கு ராணியானாள். இருவர் ஜெர்மன் பிரபுக்களின் வீடுகளுக்குப் போனார்கள். இங்கெபோர்க் என்று இன்னொருத்தி இருக்கிறாள். அவளைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

கமலா அக்கா ஈப்போவிலிருந்து எழுதினாளா? எனக்கு எழுதவில்லை.

உங்கள்
மதி

*

நேவல் பேஸ் குவாட்டர்ஸ், செம்பவாங், சிங்கப்பூர்
5 மார்ச் 1961

அன்புத் தங்கை சந்திரமதிக்கு,

அண்ணன் தனசேகரன். இங்கே யாருக்கும் காய்ச்சல் தலைவலி இல்லை. நீ அந்தக் குளிரில் ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்பதுதான் வீட்டில் ஒரே பேச்சு.

உன் கடிதத்தை டாக்யார்டுக்கே எடுத்துப்போய் டீ நேரத்தில் வாசித்தேன். அப்துல் காதர், "கல்யாணத்தைப் பத்திப் படிக்க டென்மார்க் வரைக்கும் போகணுமா லா? மார்சிலிங்ல வாரத்துக்கு ரெண்டு கல்யாணம் நடக்குதே!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான், "அங்க ராஜாவோட வம்சத்தை அவங்களே மறந்துட்டாங்க பாய். செம்பவாங்லேருந்து ஒருத்தி போய்த்தான் எடுத்துக் குடுக்க வேண்டியிருக்கு" என்றேன். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. நம் குவாட்டர்ஸிலேயே கப்பலேறிப் படிக்கப் போன முதல் பெண் நீ. இதை யாரிடமும் நானாகச் சொல்வதில்லை. கேட்டால் மட்டும் சொல்கிறேன். கேட்கும்படி பார்த்துக்கொள்கிறேன்.

உன் ராஜாவை எனக்குப் பிடித்திருக்கிறது. யாரை எந்த வீட்டில் கொடுத்தால் எந்தச் சண்டை தீரும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறான். அப்பா போன பிறகு நானும் அந்த வேலையைத்தானே பார்த்தேன். கமலாவை ஈப்போவில் கொடுத்ததில் ஒரு குறையும் இல்லை. அவள் நலமாக இருக்கிறாள். பிள்ளைக்குப் பல் முளைக்கிறதாம், அதனால் உனக்கு எழுத நேரமில்லை.

அந்த இன்னொருத்தியைப் பற்றி எழுது. ஏன் நிறுத்தினாய்?

அன்புடன்
அண்ணன் தனசேகரன்

*

கோபன்ஹேகன்
9 ஏப்ரல் 1961

அன்புள்ள அண்ணா,

ஏன் நிறுத்தினேன் என்பது படித்தால் உங்களுக்கே தெரியும்.

இங்கெபோர்க் சிறு பெண்ணாக இருக்கும்போதே வால்டெமார் இறந்துவிட்டார். அண்ணன் குனுட் ராஜாவானார். அவளுக்குப் பதினெட்டு வயதிருக்கும்போது பிரான்ஸ் ராஜா ஃபிலிப் பெண் கேட்டார். முதல் மனைவியை இழந்தவர். டென்மார்க்கின் கப்பல்கள்மேல் அவருக்குக் கண். அண்ணன் சீரோடும் சிறப்போடும் அனுப்பிவைத்தார். கல்யாணம் நடந்தது. மறுநாள் அவளுக்கு ராணியாக முடிசூட்டும் சடங்கு. அந்தச் சடங்கின் நடுவிலேயே ராஜாவின் முகம் வெளுத்தது, உடம்பு நடுங்கியது. சடங்கு முடிந்ததும், இவள் வேண்டாம், திருப்பிக் கூட்டிப் போங்கள் என்றார்.

ஏன் என்று யாருக்கும் தெரியாது. எத்தனையோ பேர் எத்தனையோ காரணம் எழுதியிருக்கிறார்கள். அவள் அழகி, குணவதி என்று அவருடைய ஆட்களே எழுதிவைத்திருக்கிறார்கள்.

வெறுமனே வேண்டாம் என்று சொன்னால் திருச்சபை விடாது. ஆகவே ஒரு வம்சாவளி தயாரித்தார்கள். இங்கெபோர்க் முதல் மனைவிக்கு நெருங்கிய உறவு, முறை தவறிய கல்யாணம், செல்லாது என்று பிஷப்புகள் தீர்ப்புச் சொன்னார்கள். அவளுக்கு அவர்கள் பாஷை தெரியாது. ஒருவர் மொழிபெயர்த்துச் சொன்ன பிறகுதான் புரிந்தது. தெரிந்த லத்தீனில், "பொல்லாத பிரான்ஸ்! ரோம்! ரோம்!" என்று கத்தினாள். போப்பாண்டவரிடம் முறையிடுகிறேன் என்று அர்த்தம்.

ஊருக்குத் திரும்பி வா என்றார்கள். போகவில்லை. மடங்களில் அடைத்தார்கள், கோட்டையில் அடைத்தார்கள். ராஜா வேறொருத்தியை மணந்தார். இவள் அசையவில்லை. டென்மார்க்கிலிருந்து வில்லியம் என்ற மடாதிபதி உண்மையான வம்சாவளியை எழுதிக்கொண்டு ரோமுக்குப் போனார். யார் யாருக்குப் பிறந்தார்கள், யாரை யாருக்குக் கொடுத்தார்கள் என்று முழுவதும் எழுதி, பிஷப்புகளின் கணக்கு பொய் என்று காட்டினார். திரும்பும் வழியில் அவரைப் பிடித்து அடைத்துவைத்தார்கள். இருபது வருஷம் கழித்து ராஜாவே அவளை மறுபடி ராணியாக ஏற்றுக்கொண்டார்.

என் ஆராய்ச்சி அந்த இரண்டு வம்சாவளிகளைப் பற்றியது. தலைப்பைப் பேராசிரியர் கொடுக்கவில்லை. நானே கேட்டு வாங்கினேன்.

ஏழு வருஷத்துக்கு முன், என் கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்துக்கு வந்த என் கணவர், கடையைத் திறக்கணும் என்று சொல்லி என்னை நம் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார். அப்புறம் வரவே இல்லை. ஏன் என்று எனக்கும் தெரியாது. அம்மா சாகும்வரை நான் ஏதோ சொல்லிவிட்டேன் என்றே நினைத்தாள். நீங்கள் மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல், "காலேஜுக்கு அப்ளிகேஷன் வாங்கிட்டு வந்திருக்கேன்" என்றீர்கள். ஆகவே உங்களுக்குத்தான் இந்தக் கதையை முதலில் எழுதுகிறேன்.

மதி

*

செம்பவாங்
18 ஜூன் 1961

அன்புள்ள மதிக்கு,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். டாக்யார்டுக்கு எடுத்துப் போகவில்லை.

இப்போது எழுதப்போவதை நிதானமாகப் படி. போன வாரம், உன்னை விட்டுப்போன தணிகாசலத்தின் தகப்பனார் மாசிலாமணி நம் வீட்டுக்கே வந்தார். தேக்காவிலிருந்து டாக்ஸி வைத்து, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. அண்ணி தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டேன் என்றாள். நான்தான் உட்காரச் சொன்னேன்.

தணிகாசலத்துக்கு சிரம்பானில் பெண் பார்த்திருக்கிறார்கள். புதுச் சட்டம் வருவது நீ அங்கே படித்திருப்பாய். இனி நம்மவர்களுக்கும் ஒரு மனைவிதான். முதல் கல்யாணம் இல்லை என்று ஆனால்தான் பெண் என்று அந்த வீட்டார் சொல்லிவிட்டார்களாம். அதற்கு இவர்கள் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். நம் வீடும் அவர்கள் வீடும் பங்காளிகளாம். ஊரில் குலதெய்வம் ஒன்றாம். ஆகவே உனக்கும் அவனுக்கும் அண்ணன் தங்கை முறையாம். தெரியாமல் நடந்த சடங்கு, செல்லாது என்று சங்கப் பெரியவர்கள் முன்னால் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்கிறார். கன்னிகாதானம் செய்தவன் என்பதால் என் கையெழுத்தும், உன் சம்மதக் கடிதமும் வேண்டுமாம்.

நீ என்ன நினைப்பாய் என்று தெரியும். பிரான்ஸ் பிஷப்புகள் என்பாய். அது பொய் என்று எனக்கும் தெரியும். ஆனால் மதி, அந்தப் பொய்யால் நன்மை உனக்குத்தான். கல்யாணமே நடக்கவில்லை என்றால் நீ வாழாவெட்டி இல்லை. ஜோகூர் பாருவில் ஒரு தமிழ்ப் பள்ளித் தலைமையாசிரியர் இருக்கிறார். நல்ல மனிதர், படித்த பெண் வேண்டும் என்கிறார். "முதல் கல்யாணம் ஒன்றும் இல்லையே?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்று நான் தலைநிமிர்ந்து சொல்ல வேண்டாமா?

நான் உன்னை ஒரு தடவை தப்பான வீட்டில் கொடுத்தேன். இந்தத் தடவை விடு, நான் சரியாகச் செய்கிறேன்.

அண்ணன்

*

கோபன்ஹேகன்
3 ஜூலை 1961

அன்புள்ள அண்ணாவுக்கு,

சம்மதக் கடிதம் அனுப்ப மாட்டேன்.

எனக்கு அவர் வேண்டாம். அதில் சந்தேகம் வேண்டாம். இங்கெபோர்கைப் போல அந்த வீட்டுக்கு ராணியாகப் போய் உட்கார எனக்கு ஆசையில்லை. அவர் சிரம்பானில் கட்டட்டும், சிங்கப்பூரிலேயே கட்டட்டும். கோர்ட்டில் விவாகரத்துக் கொடுக்கட்டும், நான் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் கல்யாணமே நடக்கவில்லை என்று நான் எழுத மாட்டேன்.

சிராங்கூன் ரோடு கோயிலில் அத்தனை பேர் முன்னால் மாலை போட்டுக்கொண்டேன். பயந்து நடுங்கினேன், சந்தோஷமாகவும் இருந்தேன். அந்தப் பெண்ணை இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அண்ணா. அவள் ஒரு தப்பும் செய்யவில்லை.

இன்னொன்று. நாம் பங்காளிகள் என்று அவர் தகப்பனார் வாய் கூசாமல் சொன்னாரா? அந்தச் சம்பந்தத்தை அம்மா ஏன் ஒத்துக்கொண்டாள் என்று நினைத்துப் பாருங்கள். "நம்ம வேம்பு வீடுதானே" என்றுதானே சொன்னாள்?

மதி

*

செம்பவாங்
6 ஆகஸ்ட் 1961

மதிக்கு,

கடிதம் கிடைத்தது.

நீ படித்தவள். உனக்குச் சரி என்று பட்டதை எழுதிவிட்டாய். நான் தினமும் அதே ரோட்டில் நடக்கிறவன். கோயிலில், கல்யாண வீட்டில், "தங்கச்சி எங்க இருக்கு, மாப்பிள்ளை கூடவா?" என்று கேட்கிறவர்களுக்கு ஏழு வருஷமாகப் பதில் சொல்கிறவன் நான். நீ அல்ல.

சித்தி வேம்பம்மாளை எனக்கு நினைவிருக்கிறது. நினைவிருந்து என்ன?

பெரியவர்கள், என் கையெழுத்து ஒன்றே போதும் என்கிறார்கள். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தனசேகரன்

*

ரிங்ஸ்டட்
27 ஆகஸ்ட் 1961

அன்புள்ள அண்ணாவுக்கு,

இந்த ஊருக்கு ரயிலில் வந்தேன். செங்கல்லில் கட்டிய பழைய தேவாலயம். வால்டெமார் குடும்பம் இங்கேதான் புதைக்கப்பட்டிருக்கிறது. தகப்பன், மகன் குனுட், இளைய மகன், அவன் கட்டிய இரண்டு மனைவிகள், எல்லோரும் தரையில் வரிசையாக. அந்த மனைவிகளில் ஒருத்தி பொஹீமியாவிலிருந்து வந்தவள், ஒருத்தி போர்ச்சுகலிலிருந்து வந்தவள். கல்லில் செருப்புக் காலோடு நடக்கக் கூச்சமாக இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டேன்.

இங்கெபோர்க் இங்கே இல்லை. பிரான்ஸில் விதவை ராணியாக வாழ்ந்து அங்கேயே புதைந்தாள். அவள் அம்மா சோஃபியாவைப் பற்றியும் சமீபத்தில்தான் படித்தேன். வால்டெமார் இறந்த பிறகு ஒரு ஜெர்மன் பிரபு அவளை மணந்து, வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருக்கிறான். அவள் பேசாமல் திரும்பி வந்துவிட்டாள். இங்கெபோர்க் அப்போது வீட்டில் இருந்த பெண். அம்மா வந்து இறங்கியதைப் பார்த்திருப்பாள்.

குனுட் ராஜாவின் கல்லருகில் வெகுநேரம் நின்றேன். தங்கையை மீட்கப் படை அனுப்பவில்லை என்று அவரைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. அவருக்கும் தினமும் நடக்க ஒரு ரோடு இருந்திருக்கும். இது இதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. உங்கள் கடிதத்துக்குப் பிறகுதான் தோன்றியது.

ஏழு வருஷம் நீங்கள் சொன்ன பதில்களை நான் ஒருநாளும் கேட்டதில்லை. மன்னியுங்கள்.

நீங்கள் கையெழுத்துப் போட்டால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். போடாதீர்கள் என்றும் இனி எழுத மாட்டேன். கை உங்களுடையது. என் சம்மதம் மட்டும் கிடையாது.

அண்ணிக்கு என் அன்பு.

உங்கள்
மதி

*

செம்பவாங்
18 அக்டோபர் 1961

என் அன்புத் தங்கை சந்திரமதிக்கு,

இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்கு அண்ணி என்னைத் திட்டாத நாள் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தேக்காவில், மாசிலாமணி கடைக்கு மேல்மாடியில் கூடினோம். சங்கப் பெரியவர்கள் இருவர், தணிகாசலம், அவன் தகப்பனார். என் பக்கம் நான் மட்டும்தான். அப்துல் காதர் துணைக்கு வருகிறேன் என்று பஸ்ஸில் கூடவே ஏறிவிட்டார். உன் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர் அவர். என்னால் தடுக்க முடியவில்லை.

உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். நான் கையெழுத்துப் போடத்தான் போனேன்.

"வாங்க தனா. ஒரு கையெழுத்துதானே லா, போட்டுட்டு சாப்பிட்டுப் போங்க" என்றார் மாசிலாமணி. கீழேயிருந்து மீன்குழம்பு வாசனை வந்துகொண்டிருந்தது. சங்கப் பெரியவர்களில் ஒருவர், எழுதிவைத்திருந்ததை வாசித்தார். நான் பேனாவைத் திறந்துவிட்டேன். அப்போது அவர், "ஒரு ஃபார்மாலிட்டிக்குக் கேக்குறேன் தம்பி. இதுக்கு முன்னால இந்த ரெண்டு வீட்டுக்கும் கொள்வினை கொடுப்பினை உண்டா? இல்லேன்னு வாயால சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றார்.

கையெழுத்துப் போட்டிருப்பேன், மதி. வாயால் சொல்ல வரவில்லை.

"உண்டு" என்றேன்.

மாசிலாமணி என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன். "மாமா, உங்க கூடப் பொறந்த அக்கா வேம்பம்மா எங்க சித்தப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டவங்க இல்லையா?"

"யாருப்பா அது?" என்று தணிகாசலம் தகப்பனைக் கேட்டான். அவனுக்கு அந்தப் பெயரே தெரியவில்லை.

"அவ தலைப்பிரசவத்துல செத்து முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. அவளை எதுக்குடா இங்க இழுக்குற?" மாசிலாமணியின் குரல் உடைந்துவிட்டது.

"நான் இழுக்கல மாமா. பங்காளின்னு எழுதினது நீங்க. நாம பங்காளின்னா உங்க அக்கா எங்க சித்தப்பாவுக்கு என்ன வேணும்? பொண்டாட்டியா, தங்கச்சியா? நீங்களே சொல்லுங்க. நீங்க சொல்றதை எழுதிக் கையெழுத்துப் போடுறேன்."

அப்துல் காதர் தொண்டையைக் கனைத்தார். மாசிலாமணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "பொண்டாட்டிதான். மாலை எடுத்துக் குடுத்ததே நான்தான். பதினஞ்சு வயசு எனக்கு." பெரியவர்களிடம் திரும்பி, "அதை மடிச்சு வைங்க" என்றார்.

தணிகாசலத்துக்குக் கோபம். "அப்ப என் கல்யாணம்?" என்றான். நான்தான் பதில் சொன்னேன்:

"உன் கல்யாணம் அம்பத்துநாலுலேயே நடந்தாச்சு. என் கையால தாரை வார்த்துக் குடுத்தேன். முடிக்கணும்னா இப்ப சட்டம் இருக்கு, கோர்ட்டு இருக்கு. விட்டுட்டுப் போனது நீ. என் தங்கச்சி கேஸ் போடும், நீ மறுக்காம நில்லு. ஆனா நடக்கவே இல்லேன்னு மட்டும் இனி எந்த வீட்லயும் சொல்லாதே. அவ இப்ப டென்மார்க்ல ராஜா வீட்டு வம்சத்தையே சரி பார்த்துக்கிட்டிருக்கா. உன் வம்சம் அவளுக்கு எம்மாத்திரம்!"

கடைசி வாக்கியம் தேவையில்லைதான். வந்துவிட்டது.

அவன் தரையைப் பார்த்தபடியே, "சரி மச்சான்" என்றான். ஏழு வருஷத்தில் அவன் என்னை அப்படிக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. ஏன் விட்டுவிட்டுப் போனாய் என்று அப்போதாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்கு இனி அது வேண்டாம் போலிருந்தது. உனக்கு வேண்டுமென்றால் சொல், கேட்டுச் சொல்கிறேன்.

மறுநாள் வேலை முடிந்ததும் உட்லண்ட்ஸ் வழியாகப் பாலம் தாண்டி ஜோகூர் போனேன். தலைமையாசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் யோசிக்க வேண்டும் என்றார். "நீங்க யோசிக்க வேணாம் சார். என் தங்கச்சி இன்னும் யோசிக்கவே ஆரம்பிக்கல" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

ஒரு வக்கீலைப் பார்த்தேன். நீ படிப்பை முடித்துத் திரும்பிய பிறகு மனுப் போட்டால் போதும் என்றார். தாரை வார்த்தவன் என்ற முறையில் நான் சாட்சி சொல்ல வேண்டியிருக்குமாம். சொல்கிறேன். அவசரப்பட்டு வராதே. அந்த வில்லியம் சாமியார் எழுதியதை ஒரு எழுத்து விடாமல் எழுதி முடி.

ஞாயிற்றுக்கிழமை தேக்காவிலிருந்து நான் வீடு திரும்பியபோது அடுப்பங்கரையில் நெய் வாசனை. உன் அண்ணி சரஸ்வதி பெரிய அண்டாவில் கேசரி கிண்டிக்கொண்டிருந்தாள். அப்துல் காதர் எனக்கு முன்னால் ஓடிப்போய் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். குவாட்டர்ஸ் முழுக்கத் தட்டுத் தட்டாகக் கொடுத்தனுப்பினாள். "என்ன விசேஷம்னு கேட்டா என்னடி சொல்லுவே?" என்றேன்.

கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "மதிக்குக் கல்யாணம் நடந்துச்சுன்னு இன்னைக்குத்தான் எல்லாரும் ஒத்துக்கிட்டாங்கன்னு சொல்லுவேன்."

உன்
அண்ணன் தனசேகரன்